மூணாவது மூக்கு

ருசிக்காரர்: நல்லா இருக்கு.

மனைவி: என்ன நல்லா இருக்கு?

ருசிக்காரர்: சூப்புதான். பின்னே, தட்டையா சொல்லுவேன்?

மனைவி: சூப்புல என்ன நல்லா இருக்கு?

ருசிக்காரர்: எல்லாந்தான். அந்தப் பூண்டு வாசம்... கும்முனு தூக்குது.

மனைவி: பூண்டா?

ருசிக்காரர்: ம்.

மனைவி: பூண்டே போடலையே.

ருசிக்காரர்: ...போடலையா?

மனைவி: ஒரு பல்லுகூடப் போடல. வீட்டுல பூண்டு தீர்ந்து நாலு நாளாச்சு.

ருசிக்காரர்: அப்போ பழைய வாசம். பாத்திரத்துல ஏறியிருக்கும். சூரை மீன் கம்பெனியில டப்பா திறந்து திறந்து ருசி பார்த்த மூக்குடி இது. போன வாரத்துப் பூண்டைக்கூட விடாது.

மனைவி: பாத்திரம் புதுசு. நேத்துதான் வாங்கினேன். என்ன, தொண்டையில சிக்கிக்குச்சா?

ருசிக்காரர்: ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு வாய் நிம்மதியா சாப்பிட விடறியா? விசாரணைக்குக் கூப்பிட்டு உட்கார வச்ச மாதிரி இருக்கு.

மனைவி: விசாரணைதான். வச்சுக்கோங்களேன்.

ருசிக்காரர்: சரி, குற்றம் என்ன?

மனைவி: குறை சொல்லாத குற்றம்.

ருசிக்காரர்: என்னது?

மனைவி: கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். வாயில வைக்கறதுக்கு முன்னாடியே மூக்கைச் சுளிப்பீங்க. "எண்ணெய் ரெண்டாந்தடவை காய்ச்சினது." "வெங்காயம் நேத்து வெட்டினது." "பால் பக்கத்துல மீனை வச்சியா?" கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப் போச்சு. எட்டு மாசமா ஒரே பாட்டு... நல்லா இருக்கு, நல்லா இருக்கு.

ருசிக்காரர்: புகழ்ந்தாலும் தப்பா?

மனைவி: போன வாரம் பால் அடிப்பிடிச்சு, சட்டியே கறுத்துப் போச்சு. அந்தப் பால்ல போட்ட டீயைக் குடிச்சிட்டு, "இன்னொரு கப் இருக்கா?"ன்னு கேட்டீங்க.

ருசிக்காரர்: வயசாகுதும்மா. மனுஷன் பக்குவப்பட மாட்டானா?

மனைவி: நீங்களா? உங்க அக்கா பொண்ணு கல்யாணத்துல, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடியே சமையல்காரரைக் கூப்பிட்டு, எண்ணெய் காறலா இருக்குன்னு சண்டை போட்ட ஆளு நீங்க.

ருசிக்காரர்: காறலாத்தான் இருந்துச்சு.

மனைவி: குறை சொல்லாத புருஷன் ஒண்ணு சாமியாரா போயிருக்கணும். இல்ல, வேற வீட்டுல சாப்பிட்டுட்டு வரணும். நீங்க சாமியார் இல்ல.

ருசிக்காரர்: அடிப்பாவி! இந்த வயசுலயா? இந்தத் தொப்பைக்கா?

மனைவி: தொப்பை எங்கே சாப்பிட்டு வந்ததுன்னுதான் கேக்கறேன்.

ருசிக்காரர்: சிரிப்பு வருதுடி.

மனைவி: சிரிங்க. சிரிச்சு முடிச்சிட்டு அந்தப் பச்சை அட்டை நோட்டைப் பத்திச் சொல்லுங்க.

ருசிக்காரர்: எந்த... எந்த நோட்டு?

மனைவி: பார்த்தீங்களா, சிரிப்பு நின்னுடுச்சு. சட்டைப் பையில வச்சிருக்கீங்களே, அது.

ருசிக்காரர்: என் பையில கை விட்டியா?

மனைவி: துணி துவைக்கறவ பையைப் பார்க்காம தண்ணியில போடுவாளா? படிச்சேன். "வெளிர் ரோஜா நிறம். தொட்டால் உதிரவில்லை. முதலில் மென்மை. கடைசியில் தொண்டையில் லேசான காரம்." யாருங்க அது?

ருசிக்காரர்: கடவுளே! அது மீனுடி! மார்ச் மாசம் ஒண்ணா அடைச்ச லாட். மேலயே நம்பர் போட்டிருக்கே.

மனைவி: மீனுக்கு ஏது தொண்டையில காரம்?

ருசிக்காரர்: மீனுக்கு இல்ல, எண்ணெய்க்கு. நல்ல ஆலிவ் எண்ணெய்னா முழுங்கினப்புறம் தொண்டையில மெல்ல ஒரு காரம் காட்டும். அது இருந்தாத்தான் எண்ணெய் உயிரோட இருக்குன்னு அர்த்தம்.

மனைவி: தெரியும்.

ருசிக்காரர்: தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேவா கேட்டே?

மனைவி: ஏன்னா அது நான் சொன்னது. இதே நாற்காலியில உட்கார்ந்து சொன்னேன். "தொட்டா உதிரலைங்க, முழுங்கினா தொண்டையில லேசா காரமா இருக்கு"ன்னு. என் வாயில இருந்த வார்த்தை உங்க நோட்டுக்குள்ள எப்படிப் போச்சு?

ருசிக்காரர்: புருஷன் பொண்டாட்டிக்கு ஒரே மாதிரி தோணக் கூடாதா?

மனைவி: ஒவ்வொரு லாட்டுக்குமா? ஜூன் மாசம் நான் "கொஞ்சம் உப்பு தூக்கல்"னேன். நோட்டுல "உப்பு சற்றே தூக்கல்". ஜூலையில "பச்சை வாழைத்தோல் மாதிரி வாசம்"னேன். நோட்டுல வாழைத்தோல். இலக்கணம் மட்டுந்தான் உங்களுது. "நாளெல்லாம் அதே மீனோட மாரடிக்கிறேன், அந்த டப்பா வீட்டு வாசல்படி தாண்டக் கூடாது"ன்னு சட்டம் போட்டவரு யாரு? எட்டு மாசமா லாட்டுக்கு ஒரு டப்பா பேப்பர்ல சுத்திக் கொண்டு வந்து, "சாப்பிடு, எப்படி இருக்கு, சொல்லு"ன்னு நிக்கிறவரு யாரு? பரீட்சை ரிசல்ட்டுக்கு நிக்கிற மாதிரி என் முகத்தையே பார்த்துக்கிட்டு...

ருசிக்காரர்: அன்புல கொண்டு வந்தேன்.

மனைவி: இருபத்தேழு வருஷம் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிட்டு வராத அன்பு!

ருசிக்காரர்: அன்பு லேட்டா வரக் கூடாதா?

மனைவி: கண்ணை மூடுங்க.

ருசிக்காரர்: எதுக்கு?

மனைவி: மூடுங்கன்னா மூடுங்க. திருட்டுத்தனமா பார்க்கக் கூடாது... ம். இது என்னன்னு சொல்லுங்க. மூக்குக்கிட்ட வச்சிருக்கேன்.

ருசிக்காரர்: என்ன விளையாட்டு இது?

மனைவி: போன வாரத்துப் பூண்டையே விடாத மூக்குதானே? சொல்லுங்க.

ருசிக்காரர்: ...சோப்பு.

மனைவி: நல்லா இழுத்துப் பார்த்துச் சொல்லுங்க.

ருசிக்காரர்: அந்தப் புது சோப்புதான். எலுமிச்சை போட்டது.

மனைவி: கண்ணைத் திறங்க. நீங்க வியாழக்கிழமை கழட்டிப் போட்ட சாக்ஸ்.

ருசிக்காரர்: ...எடுத்துட்டுப் போ அதை.

மனைவி: எத்தனை நாளா?

ருசிக்காரர்: என்ன எத்தனை நாளா?

மனைவி: ஏங்க... என்கிட்டயா?

ருசிக்காரர்: கதவைச் சாத்து.

மனைவி: சாத்தித்தான் இருக்கு.

ருசிக்காரர்: அந்தக் காய்ச்சல் வந்துச்சே... ரெண்டு பேரும் பத்து நாள் படுத்துக் கிடந்தோமே, அப்போ மூக்கு போச்சு. காய்ச்சல் போனா திரும்பி வரும்னு நினைச்சேன். ஒரு மாசம் பார்த்தேன், ரெண்டு மாசம் பார்த்தேன். உப்பு தெரியுது, புளிப்பு தெரியுது, கசப்பு தெரியுது. அதுக்கு மேல... ஒண்ணுமே இல்லம்மா. துடைச்சு வச்ச பலகை மாதிரி இருக்கு.

மனைவி: டாக்டர்கிட்டப் போயிருக்கலாமே.

ருசிக்காரர்: கம்பெனி டாக்டர்கிட்டயா? நான் படியிறங்கி வர்றதுக்குள்ள மேனேஜருக்குப் போன் போயிருக்கும். வேற டாக்டர்கிட்டப் போனேன். "வரலாம், வராமலும் போகலாம்"னாரு. அதைச் சொல்ல ஒரு டாக்டரு.

மனைவி: கம்பெனியில எப்படிச் சமாளிச்சீங்க? உதவிக்கு ஒரு பொண்ணு பக்கத்துலயே உட்கார்ந்திருக்குமே.

ருசிக்காரர்: டப்பாவைத் திறப்பேன். ஒரு துண்டு வாயில வச்சு, கண்ணை மூடி, தலையை ஆட்டி, "இந்த எண்ணெய் ஒரு ராத்திரி நாக்குல தங்கணும், நாளைக்குச் சொல்றேன்"னு சொல்லிட்டு இன்னொரு டப்பாவை எடுத்துட்டு வந்துடுவேன். மறுநாள் நீ சொன்னதை எழுதிக் கொடுப்பேன்.

மனைவி: நம்பினாங்களா?

ருசிக்காரர்: நம்பினாங்களாவா? இப்போ அதையே ஒரு முறைன்னு டைப் அடிச்சு ருசி அறையில ஒட்டிட்டாங்க. "எண்ணெய் ஒரு இரவு நாக்கில் தங்க வேண்டும்." புதுசா வர்றவங்க எல்லாம் ராத்திரி பல்லு தேய்க்காமப் படுக்கறாங்க.

மனைவி: சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

ருசிக்காரர்: உன் மூக்குதான் எனக்குச் சோறு போட்டுச்சு. உங்க வீட்டு மூக்கு பரம்பரை மூக்கு. அதை நம்பித்தான் இத்தனை நாள் ஓட்டினேன். வேலை போனா இந்தக் கம்பெனி வீடும் போகும், தெரியும்ல? அதான் சொல்லல. சொன்னா நீ பயந்துடுவே, பயந்தா உன் நாக்கும் தடுமாறும்.

மனைவி: சரி. தெரிஞ்சு போச்சு. இப்போ நாளைக்கு என்ன எழுதப் போறீங்க?

ருசிக்காரர்: ...அதுக்குத்தான் இவ்வளவு சுத்தினியா?

மனைவி: நேத்துக் கொண்டு வந்த டப்பாவுக்கு நான் என்ன சொன்னேன்?

ருசிக்காரர்: சொன்னே.

மனைவி: எழுதினீங்களா? நோட்டுல நேத்துத் தேதிக்கு நேரே வெறும் வெள்ளையா இருக்கு.

ருசிக்காரர்: அது என்ன லாட்னு தெரியுமா உனக்கு? பதினோராயிரம் டப்பா. முதுகுச் சதை மட்டும். கறுப்புச் சதை ஒரு நூல்கூட இருக்காது. டப்பாவுக்கு மூணே மூணு துண்டு, எல்லாம் கையால அடுக்கினது. மாசத்துக்கு ஒரு தடவை கவுத்து வச்சு, நிமிர்த்தி வச்சு, ஒன்றரை வருஷம் எண்ணெயில ஊற வச்ச மீன். தங்க லேபிள் ஒட்டியாச்சு. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு என் தாள் மேனேஜர் மேஜையில இருக்கணும், பத்து மணிக்கு லாரி.

மனைவி: மீன் நல்ல மீன்தான். எண்ணெய்தான் கெட்டது.

ருசிக்காரர்: உதவிக்கு இருக்கற பொண்ணு "குறை இல்லை"ன்னு எழுதிக் கொடுத்துட்டா. மேனேஜர் முகத்தைப் பார்த்து எழுதற பொண்ணு அது. நான் குறைன்னு எழுதினா ரெண்டு தாளும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகலைன்னா வெள்ளைத் துணி விரிச்சு, லேபிள் இல்லாத ஆறு டப்பாவை வச்சு, எல்லார் முன்னாடியும் என்னை உட்கார வைப்பாங்க. "கெட்டது எது, காட்டுங்க"ன்னு கேப்பாங்க. நான் சாக்ஸைச் சோப்புன்னு சொன்ன ஆளு.

மனைவி: "குறை இல்லை"ன்னு எழுதினா?

ருசிக்காரர்: ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. மேனேஜர் கை கொடுப்பாரு.

மனைவி: ஓ.

ருசிக்காரர்: என்ன ஓ?

மனைவி: ஒண்ணுமில்ல. எழுதுங்க, உங்க இஷ்டம்.

ருசிக்காரர்: அந்தக் குரல்ல சொல்லாதே. இரு... நீ என்னைக் கேட்டே, சொல்லிட்டேன். இப்போ நான் ஒண்ணு கேக்கறேன். நேத்து என்ன சொன்னே? அதே வார்த்தையில சொல்லு.

மனைவி: எண்ணெயில ஈரச் சாக்கு வாடை அடிக்குதுன்னு.

ருசிக்காரர்: அந்த வார்த்தை உனக்கு எங்கேருந்து வந்துச்சு?

மனைவி: எங்கேருந்து வரும்? சாக்கு தெரியாதா எனக்கு?

ருசிக்காரர்: ஈரத்துல கிடந்த ஆலிவ் காயை ஆட்டினா வர்ற வாடை அது. கம்பெனிப் புத்தகத்துல "பூஞ்சை நெடி"ன்னு இருக்கும். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஈரச் சாக்குன்னு சொன்னது உலகத்துலயே ஒரே ஒருத்தன்.

மனைவி: சூப்பு ஆறுது. குடிங்க.

ருசிக்காரர்: வாழைத்தோலும் உன் வார்த்தை இல்ல. பழைய மெழுகுவர்த்தின்னு ஒரு தடவை சொன்னே, அதுவும் இல்ல. நான்தான் மடையன் மாதிரி எழுதிக்கிட்டே இருந்திருக்கேன். நேத்து ஈரச் சாக்குன்னப்புறந்தான் உறைச்சுது.

மனைவி: ஒரு வார்த்தைக்கு இவ்வளவா?

ருசிக்காரர்: வார்த்தை மட்டுமில்ல. எட்டு மாசமா பார்க்கறேன், முதல் டப்பாவுல ஒரு வாய் வச்சதோட சரி, அப்புறம் நீ ஒரு தடவைகூட என் முன்னாடி அந்த மீனைச் சாப்பிட்டதில்ல. "அடுப்படியில வச்சுச் சாப்பிட்டுட்டுச் சொல்றேன்"னு தட்டைத் தூக்கிட்டுப் போவே. அப்புறம் செருப்புச் சத்தம் கேக்கும். பதினஞ்சு நிமிஷம் கழிச்சு வந்து, பாடம் ஒப்பிக்கற மாதிரி ஒப்பிப்பே.

மனைவி: மாடியில துணி எடுக்கப் போயிருப்பேன்.

ருசிக்காரர்: மழை பெய்ஞ்ச அன்னைக்குமா?

மனைவி: மழை பெய்ஞ்சாத்தானேங்க ஓடிப் போய்த் துணியை எடுக்கணும்!

ருசிக்காரர்: பதில் மட்டும் நல்லா வருது. அந்த மாடிப் பூனை ஏன் அப்படிக் கொழுத்துக் கிடக்கு?

மனைவி: பூனையா?

ருசிக்காரர்: உண்மையைச் சொல்லு. பூனைக்குப் போட்டுப் பார்த்துட்டு வந்து சொன்னியா? சாப்பிட்டா நல்லது, முகத்தைத் திருப்பினா கெட்டதுன்னு... எட்டு மாசமா கம்பெனி ஒரு பூனையோட நாக்குல ஓடிச்சா?

மனைவி: பூனை வந்து வாழைத்தோலுன்னு சொல்லுமா?

ருசிக்காரர்: அப்போ யார் சொன்னது? இன்னொண்ணு. அந்த அலமாரி மேல்தட்டைத் திறந்தேன் காலையில. ஒன்பது பாக்கெட் காப்பித்தூள். நம்ம ரெண்டு பேரும் டீ குடிக்கறவங்க. இப்போ உனக்குத் தொண்டையில சிக்கிக்குச்சா?

மனைவி: நம்ம பையனும் மருமகளும் ஏன் இந்த வீட்டுல சாப்பிடறதில்லைன்னு யோசிச்சிருக்கீங்களா?

ருசிக்காரர்: பேச்சை மாத்தாதே.

மனைவி: மாத்தல. எப்போ வந்தாலும் "சாப்பிட்டுட்டுத்தான் வந்தோம்"னு சொல்றாங்களே, ஏன்? போன மாசம் மருமகள் ஒரு வாய் வச்சா. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. "நல்லா இருக்கு அத்தை"ன்னா. அவளும் நல்லா இருக்குன்னா, நீங்களும் நல்லா இருக்குன்னீங்க.

ருசிக்காரர்: நீ சமைக்கும்போதே உனக்குத் தெரியாதா என்ன...

மனைவி: தெரியாது.

ருசிக்காரர்: ...என்ன?

மனைவி: பத்து நாள் ரெண்டு பேரும்தானே படுத்துக் கிடந்தோம்?

ருசிக்காரர்: உனக்குமா?

மனைவி: எனக்கும்தான். உப்பு தெரியும், புளிப்பு தெரியும். மத்ததெல்லாம் கண்ணால பார்த்து, கை அளவுல போடறேன். பூண்டு போடலைன்னு எனக்கு ஞாபகம் இருந்ததாலதான் தெரியும். சாக்ஸும் கையில எடுத்ததாலதான் தெரியும்.

ருசிக்காரர்: அடக் கடவுளே... ரெண்டு பேருமா? குருடனைக் குருடன் கூட்டிட்டுப் போன கதையா போச்சே! முதல் நாளே சொல்லியிருக்கலாம்லடி!

மனைவி: முதல் டப்பாவைக் கொண்டு வந்து வச்சீங்க. வாயில வச்சேன். மெத்துனு இருந்துச்சு, உப்பு தெரிஞ்சுது, மத்தபடி நனைஞ்ச பஞ்சு. சொல்லிடலாம்னு நிமிர்ந்தேன்... உங்க முகத்தைப் பார்த்தேன். அந்த மாதிரி ஒரு முகத்தை உங்ககிட்ட நான் பார்த்ததே இல்ல. அப்பவே புரிஞ்சு போச்சு. "எனக்கும் போச்சுங்க"ன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே இடிஞ்சு உட்கார்ந்திருப்பீங்க.

ருசிக்காரர்: எட்டு மாசமா தெரிஞ்சும் சொல்லலையா?

மனைவி: நீங்களா வாயைத் திறந்து சொல்லணும்னு இருந்தேன். சொல்லல. சாக்ஸ் வரைக்கும் போக வேண்டியதாச்சு.

ருசிக்காரர்: சரி, தட்டை எடுத்துக்கிட்டு எங்கே போனே?

மனைவி: உங்களுக்கே தெரியும்.

ருசிக்காரர்: நீ சொல்லு.

மனைவி: தெருமுனையில காப்பிக்கொட்டை வறுக்கற கடைக்கு.

ருசிக்காரர்: ...உங்கண்ணன்கிட்டயா?

மனைவி: உலகத்துலயே ஒரே ஒருத்தன்னு நீங்கதானே சொன்னீங்க. அவர்கிட்டத்தான்.

ருசிக்காரர்: அவன் முகத்துலயே முழிக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?

மனைவி: சொன்னீங்க. அஞ்சு வருஷம் முழிக்கல.

ருசிக்காரர்: என் பொழைப்பைக் கொண்டு போய் அவன் கையில கொடுத்திருக்கியே! எட்டு மாசமா அவன் மனசுக்குள்ள எப்படிச் சிரிச்சிருப்பான்?

மனைவி: சிரிக்கல. தட்டைத் திறந்து வச்சேன். என்னைப் பார்த்தாரு, தட்டைப் பார்த்தாரு. "அவருக்கு எப்போ போச்சு?"ன்னாரு. நான் அழுதேன். "உனக்குமா?"ன்னாரு. வறுக்கற அடுப்பை அணைச்சிட்டு, முகம் கழுவிட்டு வந்து, ஸ்பூன் கேட்டாரு. அவ்வளவுதான்.

ருசிக்காரர்: ஒரு வார்த்தை... ஒரு குத்தல்கூட இல்லையா?

மனைவி: "நான் சொன்னேன்னு சொல்லாதே. என் பேரைக் கேட்டா கெட்டதை நல்லதுன்னு எழுதினாலும் எழுதுவாரு"ன்னாரு. அது குத்தலான்னு எனக்குத் தெரியல. ஒவ்வொரு தடவையும் ஒரு காப்பிப் பாக்கெட் கொடுத்து விடுவாரு. எட்டு மாசமா என் புடவையெல்லாம் காப்பி வாசம் அடிச்சிருக்கும். உங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல.

ருசிக்காரர்: தப்பா சொல்லிக் கொடுத்து என்னை மாட்டி விட்டிருக்கலாமே அவன்.

மனைவி: மாட்டி விட்டாரா?

ருசிக்காரர்: இல்ல. ஒரு லாட்கூடத் தப்பல. வாங்கறவங்க கடிதம் எழுதியிருந்தாங்க. இந்த வருஷம் மாதிரி என்னைக்கும் இருந்ததில்லைன்னு.

மனைவி: அப்போ அவர் மூக்கு நல்லாத்தான் இருக்கு.

ருசிக்காரர்: இருக்கட்டும்.

மனைவி: ஆறு வருஷத்துக்கு முன்னாடி கெட்டுப் போச்சுன்னு சொன்னீங்களே. கெட்ட மூக்கு எப்படிங்க திரும்ப நல்லாச்சு?

ருசிக்காரர்: பழசையெல்லாம் ஏன் கிளறறே?

மனைவி: அன்னைக்கும் இதே ஈரச் சாக்குதானே? அவரும் நீங்களும் கம்பெனியில ஒரே மேஜையில உட்கார்ந்து ருசி பார்த்தீங்க. அவர் இருக்குன்னு எழுதினாரு, நீங்க இல்லைன்னு எழுதினீங்க.

ருசிக்காரர்: யாராவது ஒரு டப்பா திருப்பி அனுப்பினாங்களா? ஒண்ணு? சொல்லு. அப்புறம் என்ன?

மனைவி: ரெண்டு பேரும் ரெண்டு விதமா எழுதினா வெளியாள் ஒருத்தரைக் கூப்பிடுவாங்களாமே? மூணாவது மூக்குன்னு பேராமே?

ருசிக்காரர்: ரெண்டு பேரும் சம்மதிச்சாத்தான் கூப்பிடுவாங்க.

மனைவி: அவர் கேட்டாராம்.

ருசிக்காரர்: ...தேவைப்படல.

மனைவி: உங்களுக்குத் தலைமை ருசிக்காரர் வேலை வந்துச்சு. அவரை லேபிள் ஒட்டப் போகச் சொன்னாங்க. அன்னைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு வெளியே வந்துட்டாரு. நான் என்ன பண்ணினேன் தெரியும்ல? நீங்க சொன்னதை நம்பி அவர் வாசல்ல போய் நின்னேன். அண்ணி, பசங்க எல்லாரும் பார்க்க, "உன் மூக்கு செத்துப் போச்சு, என் வீட்டுக்காரரைப் பார்த்து ஏன் வயிறு எரியறே"ன்னு கேட்டேன். கூடப் பிறந்தவரை.

ருசிக்காரர்: உன்னை யாரு போகச் சொன்னா?

மனைவி: யாரும் சொல்லல. புருஷன் பொய் சொல்ல மாட்டாருன்னு போனேன்.

ருசிக்காரர்: இப்போ என்னதான் பண்ணணுங்கறே?

மனைவி: இந்த எண்ணெய் யாருகிட்ட வாங்கினது?

ருசிக்காரர்: ...அதே ஆளுகிட்ட. மேனேஜர் மச்சினன்.

மனைவி: ம். நேத்து அண்ணன் ஸ்பூனை வாயில வச்சாரு. ரொம்ப நேரம் கண்ணைத் திறக்கல. அப்புறம் "ஈரச் சாக்கு"ன்னாரு. தட்டை மூடிக் கொடுத்தாரு.

ருசிக்காரர்: அவ்வளவுதானா?

மனைவி: வெள்ளைத் துணி விரிச்சா மூணாவது மூக்கு கேக்கச் சொன்னாரு. இப்போ நீங்க தலைமை ருசிக்காரர், நீங்க கேட்டாலே போதுமாம். கூப்பிடற வெளியாள் லிஸ்ட்ல இன்னும் அவர் பேர் இருக்காம். கூப்பிட்டா வந்து உட்கார்றேன்னாரு.

ருசிக்காரர்: வருவானா? அந்தக் கம்பெனிக்குள்ளயா? அவன் வந்தாலும் நான் தப்பிக்க முடியாதே. மூணு பேரும் ஒண்ணா உட்காரணும். என் மூக்கு போனது அங்கேயே தெரிஞ்சு போகும்.

மனைவி: தெரியட்டும். வீடு போனா வேற வீடு. அண்ணன் கடைக்குப் பின்னாடி ரெண்டு அறை சும்மாத்தான் கிடக்கு.

ருசிக்காரர்: அதையும் பேசி வச்சுட்டியா?

மனைவி: அவரே சொன்னாரு. இன்னொண்ணும் சொன்னாரு. காலையில இருந்து உங்களைக் குடையறது அதுக்குத்தான்.

ருசிக்காரர்: என்ன சொன்னான்?

மனைவி: "மச்சான்கிட்ட சொல்லு... இந்தத் தடவையாவது இருக்கறதை இருக்குன்னு எழுதச் சொல்லு"ன்னாரு. "இந்தத் தடவையாவது"ன்னா என்னங்க அர்த்தம்? நேத்துலேருந்து அதையேதான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். அவருக்கு வந்த வாடை உங்களுக்கு வரல, ரெண்டு மூக்குல ஒண்ணு தப்பு, அவ்வளவுதானே? அதைத்தானே என்கிட்ட சொன்னீங்க?

ருசிக்காரர்: அந்தத் தாளை எடு. பேனாவையும்.

மனைவி: இந்தாங்க... என்ன எழுதறீங்க?

ருசிக்காரர்: ஈரச் சாக்குன்னு. கீழே, மூணாவது மூக்கு வேணும்னு. உங்கண்ணன் பேரை முழுசா சொல்லு, எழுத்துப் பிழை வரக் கூடாது.

மனைவி: சொல்றேன். முதல்ல எனக்குப் பதில் சொல்லுங்க. அன்னைக்கும் உங்களுக்கு ஏதாவது உடம்புக்கு முடியாம இருந்துச்சா? சளி, காய்ச்சல்... ஏதாவது இருந்திருந்தா சொல்லுங்க, நான் நம்பறேன்.

ருசிக்காரர்: இல்லம்மா... அன்னைக்கு என் மூக்கு நல்லாத்தான் இருந்துச்சு.